கபுகிச்சோவில் ராமென் சாப்பிடப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவுக்குச் சுற்றிப் பார்க்க வரும் நண்பர்களும், வேலை கிடைத்து இந்தியர்கள் நிறைய வசிக்கும் நிஷி கசாய் பக்கம் புதிதாகக் குடிவருகிறவர்களும் ராமென், அதாவது சூப்பில் போட்ட நூடுல்ஸ், விற்கும் கடையைப் பற்றிக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதனால் எல்லாரும் கட்டாயம் ஒரு ராத்திரி போய் நிற்கும் ஷின்ஜுகு கபுகிச்சோவை வைத்தே பதில்களை எழுதிவிடுகிறேன். படிக்கும் முன் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடைகள் பலவற்றில் எட்டுப் பத்து இருக்கைக்கு மேல் கிடையாது. அப்புறம், சூடான சூப்பில் விழுந்த நொடியிலிருந்து நூடுல்ஸ் ஊற ஆரம்பித்துவிடும். கீழே சொல்லும் வழக்கங்களில் முக்கால்வாசிக்குக் காரணம் இந்த இரண்டும்தான்.

கபுகிச்சோ எங்கே இருக்கிறது? எப்படிப் போவது?

ஷின்ஜுகு ஸ்டேஷனின் கிழக்கு வாசலில் இறங்குங்கள். உலகத்திலேயே அதிகம் பேர் வந்து போகும் ரயில் நிலையம் என்று கின்னஸில் ஏறிய இடம் அது, ஒரு நாளைக்கு 30 லட்சத்துக்கும் மேல். அதனால் தப்பான வாசலில் ஏறினால் திரும்பி வருவதற்கே கால் மணி நேரம் ஓடிவிடும். கிழக்கு வாசலிலிருந்து வடக்கே ஐந்தாறு நிமிடம் நடந்து யாசுகுனி சாலையைக் கடந்தால் சிவப்பு விளக்கு வளைவு தெரியும். அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் கபுகிச்சோ. தோஹோ கட்டிடத்தின் மேலே 2015-இல் வைத்த காட்ஸில்லா தலையை அடையாளமாக வைத்துக்கொண்டால் வழி தவறாது.

போரில் எரிந்துபோன இந்தப் பகுதியில் ஒரு கபுகி நாடக அரங்கம் கட்டப் போவதாகத் திட்டம் போட்டு 1948-இல் இந்தப் பெயர் வைத்தார்கள். அரங்கம் வரவே இல்லை. பார், கரோக்கே, சினிமா, ஆண்கள் உபசரிக்கும் ஹோஸ்ட் கிளப் எல்லாம் வந்தன. குடித்து முடித்த கூட்டம் கடைசியாக ஒரு கிண்ணம் ராமென் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகும் என்பது ஜப்பானில் ஊறிப்போன பழக்கம் என்பதால், ராமென் கடைகளும் கூடவே வந்து சேர்ந்தன.

ராத்திரி அங்கே போவது பாதுகாப்பா?

தெருவில் நடக்கப் பயப்பட வேண்டியதில்லை. கூட்டம் இருக்கும், வெளிச்சம் இருக்கும், போலீஸ் சாவடியும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆபத்து வேறு இடத்தில். "பிரதர், ஒரு மணி நேரம் எவ்வளவு குடித்தாலும் இவ்வளவுதான்" என்று ஆங்கிலத்தில் பேசியபடி கூடவே நடந்து வருவார்கள். அவர்கள் பின்னால் ஒரு அடி கூடப் போகாதீர்கள். மாடியில் ஏதோ ஒரு பாரில் உட்கார வைத்து, கடைசியில் கண்ணைக் கட்டும் பில்லை நீட்டுவது அங்கே பழைய தொழில். இப்படி ஆள் பிடிப்பது சட்டப்படி குற்றம், நம்பிப் போகாதீர்கள் என்று தெருவிலேயே ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

ராமென் கடைக்கு ஆள் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்ல கடை வாசலில் வரிசைதான் நிற்கும். எனவே யாராவது கையைப் பிடித்து "நல்ல ராமென் இருக்கிறது வா" என்றால் அது ராமென் கடையாக இருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்குப் போலீஸ் எண் 110.

எத்தனை மணிக்குப் போனால் நல்லது?

கூட்டம் வேண்டாம் என்றால் மாலை 5 மணிக்குப் போய்விடுங்கள். மதியம் 12-லிருந்து 1 வரை அலுவலகக் கூட்டம், இரவு 7-லிருந்து 9 வரை சாப்பாட்டுக் கூட்டம், 11-க்கு மேல் பாரிலிருந்து இறங்கும் கூட்டம். சின்னக் கடைகள் சில மதியம் 3 மணிக்கு மூடி மாலையில்தான் திறக்கும். குழந்தைகளோடு வருகிறவர்கள் தயவுசெய்து பகலில் வாருங்கள். தெருவில் நடப்பவை குழந்தைக்குக் காட்டும் காட்சி இல்லை, ஸ்ட்ரோலரை நிறுத்தக் கடைக்குள் இடமும் இருக்காது.

ஆனால் என்னைக் கேட்டால், ஒரு முறையாவது நள்ளிரவில் போய்ப் பாருங்கள். டை தளர்ந்த ஆபீஸ்காரர், வேலை முடிந்து வந்த பார் பெண், டாக்சி ஓட்டுநர் என்று எல்லாரும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல், கிண்ணத்தைப் பார்த்தபடி சாப்பிடுவார்கள். எனக்கு டோக்கியோவில் ரொம்பப் பிடித்த காட்சி அதுதான்.

வாசலில் ஒரு மெஷின் இருக்கிறதே, அதை எப்படிப் பயன்படுத்துவது?

அதில் டிக்கெட் எடுத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். சமைக்கிறவர் காசைத் தொடாமல் இருக்கவும், நீங்கள் உட்காரும்போதே ஆர்டர் அவர் கைக்குப் போய்விடவும் இந்த ஏற்பாடு. முதலில் பணத்தைப் போடுங்கள். பணம் போட்ட பிறகுதான் அந்தத் தொகைக்குள் வரும் பொத்தான்களில் விளக்கு எரியும். வேண்டியதை அழுத்தினால் கீழே குட்டி டிக்கெட் விழும். முட்டை, கூடுதல் இறைச்சி எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பொத்தான் உண்டு, ஒவ்வொன்றையும் அழுத்தித் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். மீதிச் சில்லறை தானாக வராவிட்டால் காசு போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், அதைத் திருப்புங்கள். நிறையப் பேர் சில்லறையை மறந்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள்.

ஜப்பானிய எழுத்து படிக்கத் தெரியாது, படமும் இல்லை என்றால் இடது பக்கம் மேல் மூலையில் இருக்கும் பொத்தானை அழுத்துங்கள். கடையின் முக்கியமான ராமென் வழக்கமாக அங்கேதான் இருக்கும். எல்லா இடத்திலும் பொருந்தும் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் பெரும்பாலும் சரியாக வரும்.

பழைய மெஷின்கள் 1000 யென் நோட்டும் நாணயமும் மட்டும்தான் வாங்கும். 2024 ஜூலையில் ஜப்பான் புது நோட்டுகளை விட்டபோது, அவற்றை ஏற்கும்படி மெஷினை மாற்றுவது சின்னக் கடைக்காரர்களுக்குப் பெரிய செலவாகி, அது செய்தியாகவே வந்தது. இன்னும் மாற்றாத மெஷின்கள் கண்ணில் படலாம். அதனால் 1000 யென் நோட்டுகள் சில கையில் இருக்கட்டும். புதிய மெஷின்களில் கார்டு, ரயிலுக்குப் பயன்படுத்தும் சுய்கா கார்டு எல்லாம் ஓடும், ஆங்கிலப் பொத்தானும் இருக்கும்.

ஒரு கேள்வி மிச்சம்: டிக்கெட் எடுத்துவிட்டு வரிசையில் நிற்பதா, வரிசையில் நின்று பிறகு எடுப்பதா? இது கடைக்குக் கடை மாறும். முன்னால் நிற்கிறவர் கையில் டிக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

எவ்வளவு ஆகும்?

ஒரு கிண்ணம் சுமார் 900-லிருந்து 1300 யென். 1000 யென்னைத் தாண்டினால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்ற பயம் இந்தத் தொழிலில் ரொம்ப நாளாக உண்டு. எலும்பு, மாவு, கேஸ் எல்லாம் ஏறியதில் அந்த எல்லை இப்போது உடைந்துகொண்டிருக்கிறது. டிப்ஸ் கிடையாது. வைத்தால் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து ஓடி வந்து கொடுப்பார்கள். தண்ணீர் இலவசம், ஜக்கிலிருந்து நாமே ஊற்றிக்கொள்ள வேண்டும்.

ஷோயு, ஷியோ, மிசோ, தொன்கோட்சு என்கிறார்களே, எதைக் கேட்பது?

ஷோயு என்பது சோயா சாஸ் சேர்த்தது, டோக்கியோவின் பழைய பாணி. ஷியோ வெறும் உப்பு, தெளிவான சூப். மிசோ என்பது புளிக்க வைத்த சோயா விழுது சேர்த்தது, வடக்கே இருக்கும் சப்போரோவிலிருந்து வந்தது, குளிருக்கு இதம். தொன்கோட்சு பன்றி எலும்பைப் பல மணி நேரம் கொதிக்க வைத்துப் பால் போல வெளுத்த சூப், கியூஷூ தீவின் பாணி. முதல் முறை என்றால் ஷோயு எடுங்கள், சூப், எண்ணெய், நூடுல்ஸ் மூன்றும் தனித்தனியாக நாக்குக்குத் தெரியும்.

கபுகிச்சோவை ஒட்டியே கோல்டன் கய் என்ற சந்துக் கூட்டம் இருக்கிறது. ஆறு ஒடுக்கமான சந்துகளுக்குள் 200-க்கும் மேல் குட்டிக் குட்டி பார்கள். அதற்குள் செங்குத்தான படியேறிப் போனால் நாகி என்ற கடை, நிபோஷி ராமெனுக்குப் பேர் போனது. நிபோஷி வேறொன்றுமில்லை, நம்ம நெத்திலிக் கருவாடு மாதிரி வேகவைத்துக் காயவைத்த சின்ன மீன்தான். படியில் கால் வைக்கும்போதே வாசனை மூக்கில் ஏறும். சூப்பின் ஓரத்தில் லேசான கசப்பு இருக்கும், நூடுல்ஸோடு அகலமான மாவுத் தகடும் ஒன்றிரண்டு மிதக்கும். கருவாட்டுக் குழம்பு பிடிக்கும் ஆள் என்றால் நேரே இங்கே போங்கள். பிடிக்காது என்றால் படியேறாதீர்கள்.

யாரோடும் பேசக் கூச்சம் என்றால் கிழக்கு வாசல் பக்கம் இச்சிரான் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கமும் மரத் தடுப்பு, முன்னால் மூங்கில் திரை. ஒரு தாளில் காரம், எண்ணெய், பூண்டு எவ்வளவு என்று வட்டமிட்டுக் கொடுத்தால் போதும், ஆங்கிலத் தாளும் தருவார்கள். ஆனால் வெளிநாட்டுப் பயணிகள் எல்லாரும் அங்கே போவதால் வரிசை பெரிதாகத்தான் இருக்கும்.

நான் சைவம். எனக்கு ஏதாவது கிடைக்குமா?

நேராகவே சொல்லிவிடுகிறேன்: தெருவில் கண்ணில் படும் சாதாரண ராமென் கடையில் கிடைக்காது. மேலே இருக்கும் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டால் சைவமாகிவிடும் என்று நினைக்காதீர்கள். சூப்பே பன்றி எலும்பு, கோழி எலும்பு, காய்ந்த மீன் இவற்றைக் கொதிக்க வைத்து எடுத்ததுதான். பரிமாறும் முன் மேலே ஊற்றுவது பெரும்பாலும் பன்றிக் கொழுப்போ கோழிக் கொழுப்போதான். நூடுல்ஸில் முட்டை சேர்ப்பவர்களும் உண்டு. "யசாய் ராமென்" என்று மெனுவில் பார்த்துக் காய்கறி ராமென் என்று சந்தோஷப்பட்டு ஆர்டர் செய்கிறவர்கள் நிறைய. முட்டைக்கோஸும் முளைகட்டிய பயறும் மலைபோல் இருக்கும், அடியில் இருப்பது அதே எலும்புச் சூப்தான்.

இன்னொன்று, "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் இறைச்சி வேண்டாம் என்றுதான் புரிந்துகொள்வார்கள், மீன் சாறு அவர்கள் கணக்கில் வராது. இறைச்சி, கோழி, மீன், மீன் சாறு, முட்டை என்று ஒவ்வொன்றையும் எழுதி மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டுங்கள். கடைக்காரர் கைகளை எக்ஸ் மாதிரி குறுக்கே வைத்தால் இல்லை என்று அர்த்தம். அது கோபம் இல்லை. உங்களை ஏமாற்றாமல் இருக்கிறாரே என்று நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

அதற்காக ராமெனே சாப்பிடாமல் ஊருக்குத் திரும்ப வேண்டாம். டோக்கியோ ஸ்டேஷனுக்குள் டீஸ் தான்தான் என்று ஒரு கடை, முழுக்க முழுக்கத் தாவர உணவு, எள் விழுதும் காரமும் சேர்த்த தான்தான்மென் அங்கே அருமையாக இருக்கும். ஷின்ஜுகுவிலிருந்து சுவோ ரயிலில் கால் மணி நேரம்தான். கடை டிக்கெட் தடுப்புக்கு உள்ளே இருக்கிறது, வெளியே வந்துவிட்டால் மறுபடி டிக்கெட் எடுத்து நுழைய வேண்டியிருக்கும். ராத்திரி வெகுநேரம் இருக்காது. அதனால் சைவக்காரர்கள் முதலில் அங்கே சாப்பிட்டுவிட்டு, கபுகிச்சோவை வேடிக்கை பார்க்க மட்டும் வருவது நல்லது. அஃபுரி என்ற சங்கிலிக் கடையிலும் தாவர ராமென் ஒன்று போடுகிறார்கள். எந்தக் கிளைக்குப் போனாலும் கிளம்பும் முன் மெனுவைப் பார்த்துவிடுங்கள்.

மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்றால்? பன்றி வேண்டாம் என்றால்?

மாட்டிறைச்சி ராமெனில் குறைவு, ஆனால் மாட்டெலும்பில் சூப் வைக்கும் கடைகளும் உண்டு. "க்யூனிகு ஹைத்தெமாஸ் கா?" என்று கேளுங்கள், மாட்டிறைச்சி இருக்கிறதா என்று அர்த்தம். பன்றிக்கு "புத்தானிகு". பன்றி வேண்டாதவர்களுக்குத்தான் கஷ்டம் அதிகம், ஏனென்றால் கோழிச் சூப் கடையிலும் மேலே வைக்கும் சாஷு என்ற இறைச்சித் துண்டு பன்றியாக இருக்கும். ஹலால் வேண்டும் என்றால் ஷின்ஜுகு க்யோஎன் பூங்கா பக்கம் ஓகா என்ற ஹலால் ராமென் கடை இருக்கிறது. கபுகிச்சோவிலிருந்து நடந்தே போகலாம்.

டிக்கெட்டைக் கொடுத்ததும் சமைக்கிறவர் ஏதோ கேட்கிறார். என்ன சொல்வது?

கடையின் பாணியைப் பொறுத்தது. யோகோஹாமாவில் பிறந்த இயெகெய் பாணிக் கடை என்றால் மூன்று கேட்பார்: நூடுல்ஸ் எவ்வளவு கெட்டியாக, சுவை எவ்வளவு தூக்கலாக, எண்ணெய் எவ்வளவு. "செம்பு ஃபுட்சூ" என்றால் எல்லாம் சாதாரணம், பிரச்சனை முடிந்தது. கியூஷூவின் ஹகாதா பாணிக் கடையில் கெட்டித்தனம் மட்டும் கேட்பார்கள், "காத்தா" என்றால் கொஞ்சம் கெட்டி. அங்கே நூடுல்ஸ் தீர்ந்து சூப் மிச்சமிருந்தால் "கயெதாமா" என்று கேட்டு இன்னொரு உருண்டை வாங்கிக்கொள்ளலாம், 150 யென் மாதிரி ஆகும். சூப்பை முன்னாடியே குடித்துத் தீர்த்துவிடாதீர்கள்.

ஜிரோ என்ற பெயருள்ள கடையில் மட்டும் கவனம். கபுகிச்சோவிலும் ஒரு கிளை இருக்கிறது. அளவு பயங்கரமாக இருக்கும், சாதாரணக் கிண்ணமே இரண்டு பேர் சாப்பாடு. கிண்ணம் தயாராகும் நேரத்தில் "நின்னிகு இரெமாஸ் கா?" என்பார், பூண்டு போடட்டுமா என்று. அந்த இடத்தில்தான் பூண்டு, காய், கொழுப்பு என்று வேண்டியதைச் சொல்ல வேண்டும். பசி குறைவு என்றால் டிக்கெட்டைக் கொடுக்கும்போதே "மென் சுகுனாமெ" என்று சொல்லி நூடுல்ஸைக் குறைத்துக்கொள்ளுங்கள். பாதியில் விட்டுவிட்டு எழுவது அங்கே நல்ல பேர் வாங்கித் தராது.

கிண்ணம் வர ஏன் சில கடையில் இவ்வளவு நேரம் ஆகிறது?

நூடுல்ஸின் தடிமன்தான் காரணம். ஹகாதாவின் மெல்லிய நூடுல்ஸ் ஒரு நிமிடத்துக்குள் வெந்துவிடும், தொட்டுச் சாப்பிடும் சுகெமெனின் தடித்த நூடுல்ஸுக்கு எட்டுப் பத்து நிமிடம் கூட ஆகும். காத்திருக்கும்போது போனைப் பார்க்காமல் கவுன்டருக்கு அந்தப் பக்கம் பாருங்கள். முதலில் சூடாக்கிய கிண்ணத்தில் ஒரு கரண்டி அடர்ந்த உப்புச் சாறு, மேலே வாசனைக் கொழுப்பு, பிறகு கொதிக்கும் சூப். அதே நேரத்தில் நீளமான கம்பி வடிகட்டியைத் தூக்கி, மணிக்கட்டை ஓங்கி நாலு உதறு உதறுவார், தண்ணீர் சளாரென்று தரையில் தெறிக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் கூடினாலும் சூப் நீர்த்துவிடும் என்பதால்தான் அந்த உதறல். பின் நூடுல்ஸைச் சூப்பில் இறக்கி, குச்சியால் ஒரு முறை தூக்கி மடித்துப் படிய வைப்பார், மேலே சாஷு, மூங்கில் குருத்து, வெங்காயத்தாள். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம் கூட இருக்காது. இத்தனை கவனமாகச் செய்ததை ஆறவிட்டுச் சாப்பிட எனக்கு மனசு வராது.

சத்தம் போட்டு உறிஞ்ச வேண்டுமா? குச்சி பிடிக்க வராதே?

உறிஞ்சலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கொதிக்கும் நூடுல்ஸ் காற்றோடு சேர்ந்து வருவதால் வாய் சுடாது, வாசனையும் மூக்குக்கு ஏறும். ஆனால் கட்டாயம் இல்லை, அமைதியாகவும் சாப்பிடலாம். குச்சி வராவிட்டால் "ஃபோக்கு" என்று கேளுங்கள், நிறையக் கடைகளில் இருக்கும். சோற்றில் குச்சியை நட்டு வைப்பதும், குச்சியிலிருந்து குச்சிக்கு உணவை மாற்றுவதும் அங்கே சாவுச் சடங்கை நினைவுபடுத்தும், அவை இரண்டையும் மட்டும் செய்யாதீர்கள்.

நாங்கள் நாலு பேர். சேர்ந்து உட்கார முடியுமா? ஒரு கிண்ணத்தைப் பகிர்ந்துகொள்ளலாமா?

கவுன்டர் கடையில் நாலு இடம் ஒன்றாகக் காலியாவது அபூர்வம். பிரிந்து உட்காரத் தயார் என்றால் சீக்கிரம் உள்ளே போகலாம். ஆளுக்கொரு கிண்ணம் வாங்குவதுதான் வழக்கம். ஒருவர் வரிசையில் நின்று மற்ற மூவருக்கும் இடம் பிடித்து வைப்பதையும் விரும்பமாட்டார்கள். பெட்டியை ஸ்டேஷன் லாக்கரில் வைத்துவிட்டு வாருங்கள், காலடியில் கைப்பைக்குத்தான் இடம் இருக்கும்.

சாப்பிட்டு முடித்துக் கதை பேசாதீர்கள். கால் மணி, இருபது நிமிடம், அவ்வளவுதான். உங்களுக்குப் பின்னால் குளிரில் ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். பேச வேண்டியதைத் தெருமுனை காபிக் கடையில் பேசலாம்.

பெண்கள் தனியாகப் போய்ச் சாப்பிடலாமா?

தாராளமாக. தனியாகச் சாப்பிடுவதுதான் அங்கே இயல்பு. யாரும் திரும்பிப் பார்க்கவோ கேள்வி கேட்கவோ மாட்டார்கள்.

போட்டோ எடுக்கலாமா?

உங்கள் கிண்ணத்தை எடுங்கள், சீக்கிரம் எடுங்கள். சமைக்கிறவர் முகம், பக்கத்தில் இருப்பவர் முகம் வேண்டாம். கபுகிச்சோவில் யாரோடு யார் வந்தார் என்பது வெளியே தெரிவதை விரும்பாதவர்கள் பலர். கோல்டன் கய் சந்துகளில் படம் எடுக்கக் கூடாது என்று பலகையே தொங்கும்.

சூப்பை முழுக்கக் குடிக்க வேண்டுமா?

வேண்டாம். கிண்ணத்தைக் காலி செய்தால் சமைத்தவருக்குச் சந்தோஷம், விட்டாலும் யாருக்கும் வருத்தம் இல்லை. முழுச் சூப்பையும் குடித்தால் அந்த ஒரு கிண்ணத்திலேயே 5 கிராமுக்கு மேல் உப்பு உள்ளே போய்விடும். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுக்கவே 5 கிராமுக்குக் குறைவாகத்தான் சொல்கிறது. ரத்த அழுத்தம் இருக்கிறவர்கள் நூடுல்ஸைச் சாப்பிட்டு, சூப்பை நாலு கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எழுந்திருக்கும்போது ஏதாவது செய்ய வேண்டுமா?

கிண்ணத்தைக் கவுன்டரின் மேல் தட்டில் தூக்கி வையுங்கள், அங்கே துணி இருந்தால் உங்கள் இடத்தை ஒரு துடை துடையுங்கள். வெளியே போகும்போது "கொச்சிசோசாமா" என்று சொல்லுங்கள், சாப்பாட்டுக்கு நன்றி சொல்வது அது. நெருப்பு முன்னால் நின்று நாள் முழுக்க உதறிக்கொண்டிருக்கும் மனிதர் நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்வார்.

கடைசி ரயிலை விட்டுவிட்டால்?

நள்ளிரவு 12:30-லிருந்து 1 மணிக்குள் ரயில்கள் நின்றுவிடும், மறுபடி ஓட 4:30 ஆகும். டாக்சி கிடைக்கும், ஆனால் இரவு 10-லிருந்து காலை 5 வரை 20 சதவீதம் கூடுதல் கட்டணம், நிஷி கசாய் வரை போவதென்றால் பத்து ராமென் காசு ஆகிவிடும். அதைவிடக் கரோக்கே அறையோ, காமிக்ஸ் படித்தபடி இருக்கும் மங்கா கஃபேயோ எடுத்து விடியும்வரை இருப்பது மலிவு. ராமென் சாப்பிடும் முன்பே உங்கள் பாதைக்குக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிடுங்கள், வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.